மாத்திரையை விட்டுவிட்டு உளப்பகுப்பாய்வைத் தொடரலாமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 31. தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மூன்று வயதில் ஒரு மகள். அப்பா தங்கல் மீன்பிடிக்குச் செல்லும் விசைப்படகுத் தொழிலாளி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது அவர் போன படகு கரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பயணத்துக்குப் புறப்படும் முந்தைய இரவு, சென்னைக்கு வேலைக்குப் போவது பற்றி அப்பாவுக்கும் மகளுக்கும் கடும் வாக்குவாதம். மறுநாள் தேங்காப்பட்டணம் துறைமுகத்திலிருந்து அப்பா போனில் அழைத்தார். மகள் எடுக்கவில்லை. பிற்பாடு அரசு நிவாரணம் 20 லட்சம் ரூபாய் வந்தது. அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில்தான் அம்மாவோடு இருக்கிறார். “கடல் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதே இல்லை” என்று எழுதியிருக்கிறார்.

கணவர் இந்த முறை கப்பலேறிய பிறகு, எட்டு மாதங்களாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பற்றில்லை. நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று கண்டறிந்து செர்ட்ரலின் மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் தூக்கமும் பசியும் திரும்பின. அதன்பின் தோழி ஒருவர் சொல்லி, வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் இணையவழியில் சேர்ந்தார். மனத்தில் தோன்றுவதையெல்லாம் பேசவைத்து, ஆழ்மனத்தில் அடங்கிக் கிடப்பதைப் புரிந்துகொள்ள முயலும் பேச்சுச் சிகிச்சைதான் உளப்பகுப்பாய்வு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 50 நிமிடம், 1,500 ரூபாய், உரையாடல் ஆங்கிலத்தில். “மருந்து உங்கள் துக்கத்தை மரத்துப்போகச் செய்கிறது, அது இருக்கும்வரை ஆழ்மனம் திறக்காது” என்று அவர் சொன்னதால் ஆறு வாரம் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது மறுபடியும் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கட்டணத்துக்காகச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். பணம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னதற்கு, “அதுவே உங்கள் மனத்தின் எதிர்ப்பு” என்று பதில் வந்தது.

அவருடைய கேள்விகள் இவை: உளப்பகுப்பாய்வு உண்மையில் பலன் தருமா, அல்லது காலாவதியான சங்கதியா? மாத்திரையா, பேச்சா? சிகிச்சையாளர்மேல் வரும் பெருங்கோபம் தவறா? விலகலாமா? பள்ளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன் வேறொன்றைப் பேசியாக வேண்டும். கடிதத்தின் நான்காம் பக்கத்தில், மற்ற வரிகளுக்கு நடுவே, “அப்பா இருக்கும் இடத்துக்கே போய்விட்டால் என்ன என்று சில நாள் தோன்றுகிறது” என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே கட்டணத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். அந்த வரியை இதுவரை யாரிடமும், சிகிச்சையாளரிடமும்கூட, சொல்லவில்லை என்றும் தெரிகிறது. இன்றே உங்கள் அம்மாவிடமோ மிக நம்பிக்கையான ஒருவரிடமோ அதைச் சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுத்தால், இரவு எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ஆபத்து நெருக்கமாகத் தெரிந்தால், உடனிருப்பவரை அழைத்துக்கொண்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இப்படி ஓர் எண்ணம் வருவதால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடவில்லை. அது இந்த நோயின் ஓர் அறிகுறி. ஆனால் அந்த அறிகுறி இருக்கும்போது சிகிச்சையின் வரிசை மாறிவிடுகிறது. நான் இனி எழுதுவதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

மாத்திரை பற்றி

மருந்து உணர்வை மரத்துப்போகச் செய்கிறது என்று சொன்னது முழுப் பொய்யல்ல. செர்ட்ரலின் வகை மாத்திரைகளில் சிலருக்கு அழுகையும் சிரிப்பும் மங்கிப்போவதுண்டு. அப்படி நேர்ந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். ஆனால் உங்களுக்கு நேர்ந்தது அதுவல்ல. மாத்திரை எடுத்த இரண்டாம் மாதத்தில்தான் மகளுக்குக் கதை சொல்ல முடிந்தது, அப்பாவின் புகைப்படத்தை அலமாரியிலிருந்து எடுக்க முடிந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மரத்துப்போனவர் அந்தப் படத்தை எடுத்திருக்க மாட்டார்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். சீக்கிரம் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். தூக்க மாத்திரையைப் போல இது அடிமைப்படுத்தும் என்ற பயம் வேண்டாம். ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்னல் வெட்டுவது போன்ற அதிர்வு, தூக்கக் கெடுதல் ஆகியவை வரலாம். நிறுத்திய முதல் வாரத்தில் உங்களுக்கு வந்த தலைசுற்றல் ஆழ்மனம் திறந்ததன் அடையாளமாக இருக்க நியாயமில்லை. பழைய சீட்டை வைத்து நீங்களாக மறுபடி ஆரம்பிக்காதீர்கள். இந்த வாரமே அதே மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திவிட்டேன் என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். மருத்துவர்களான எங்களிடம் வருகிறவர்களில் பலர் அப்படி நிறுத்தியவர்கள்தான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பேச்சா, மருந்தா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பழைய சண்டை. அமெரிக்காவில் ரஃபேல் ஓஷெராஃப் என்ற சிறுநீரக மருத்துவர் கடும் மனச்சோர்வோடு 1979ஆம் ஆண்டு ஒரு புகழ்பெற்ற மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். ஏறத்தாழ ஏழு மாதம் உளப்பகுப்பாய்வு வழிப் பேச்சு மட்டுமே; மருந்து தரப்படவில்லை. எடை குறைந்து, நாள் முழுவதும் நடைபாதையில் நிற்காமல் நடக்கும் அளவுக்கு மோசமானார். குடும்பத்தார் வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே மருந்து கொடுத்ததும் சில மாதங்களில் தேறி வீடு திரும்பினார். அவர் தொடுத்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது என்றாலும், பலன் தெரிந்த மருந்தை நோயாளிக்குத் தராமல் வைத்திருப்பது சரியா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. இன்று நல்ல உளப்பகுப்பாய்வாளர் எவரும், மருத்துவர் எழுதிய மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்ல மாட்டார்.

உளப்பகுப்பாய்வு உங்களுக்கு எதைத் தர வல்லது

இதுவரை படித்ததும் நான் அந்தச் சிகிச்சைக்கே எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அதன் பலம் எங்கே என்பதை உங்கள் கடிதத்தைக் கொண்டே காட்ட முடியும்.

ஒரு வாரம் சிகிச்சையாளர் முன்கூட்டிச் சொல்லாமல் அமர்வுக்கு வராமல் இருந்துவிட்டார். “இவரும் போய்விட்டார்” என்று போனைச் சுவரில் எறிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் அவர் அழைத்தபோது, வேண்டுமென்றே எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அன்றிரவு முழுவதும் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கினீர்கள். இன்னொரு பக்கத்தில், இதனோடு சேர்க்காமல், கணவர் ஒவ்வொரு முறை கப்பலேறும் முன்னும் சிறிய விஷயத்துக்குப் பெரிய சண்டை வருகிறது, பிறகு அவர் அழைத்தால் இரண்டு மூன்று நாள் எடுக்கத் தோன்றுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். தேங்காப்பட்டணத்திலிருந்து வந்த அந்த அழைப்பு இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இன்னும் அதை எடுக்காமல் இருக்கிறீர்கள்.

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்ட் 1914இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. மனம் அடக்கிவைத்ததை நினைவாகக் கொண்டுவராமல் செயலாகத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறது என்பது அதன் மையக் கருத்து. பழைய உறவின் உணர்ச்சிகள் சிகிச்சையாளர்மேல் வந்து இறங்கும். ஆகவே அவர்மேல் வரும் கோபம் தவறில்லை. இந்தச் சிகிச்சைக்கு அதுதான் கச்சாப்பொருள். அந்தக் கோபத்தை அவரிடமே சொல்லவும், அவர் பதறாமலும் பழிவாங்காமலும் அதைக் கேட்கவும் முடிந்தால், கோபப்பட்டால் மனிதர் திரும்பி வரமாட்டார் என்ற உங்கள் மனத்தின் பழைய கணக்கு மெல்லத் தளரும். இப்படி உறவுகளில் திரும்பத் திரும்ப விழும் ஒரே பள்ளத்தைக் காட்டித் தருவதில் உளப்பகுப்பாய்வுக்கு நிகரான சிகிச்சைகள் குறைவு என்பது என் கருத்து.

பலன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அளவோடு. லண்டன் டாவிஸ்டாக் மையத்தின் ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. பல சிகிச்சைகளுக்கும் இணங்காத நீண்டகால மனச்சோர்வு உள்ள 129 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்கு அதோடு சேர்த்து 18 மாதம் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை. சிகிச்சை முடிந்த சமயத்தில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் இரண்டு ஆண்டு கவனித்தபோதுதான் வித்தியாசம் விரிந்தது: ஓரளவு தேறியவர்கள் அந்தச் சிகிச்சை பெற்ற பிரிவில் 30 சதவீதம், மற்றதில் 4.4 சதவீதம். பலன் தாமதமாக வந்து நிலைத்தது. ஆனால் முழுமையாகக் குணமானவர் அந்தப் பிரிவிலும் ஏழில் ஒருவர் அளவுதான். உங்களுக்கு முக்கியமான இரண்டு செய்திகளும் இதில் உண்டு. அவர்கள் சந்தித்தது வாரம் ஒரு முறை. மருந்தை விடவேண்டும் என்று யாரும் நிபந்தனை வைக்கவில்லை.

வேர் தெரிந்தால் நோய் போய்விடுமா

“அந்தப் போனை எடுக்காததுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது, பிறகும் ஏன் சரியாகவில்லை?” என்று கேட்கிறீர்கள். காரணத்தைக் கண்டுபிடித்தால் நோய் தானே உதிர்ந்துவிடும் என்று ஃப்ராய்டும் தொடக்கத்தில் நம்பினார். மறைந்திருந்ததை நோயாளிக்கு எடுத்துச் சொன்னார், நோய் போகவில்லை. தெரிந்துகொண்டதை நாளாக நாளாக வாழ்க்கையில் உழைத்து உழைத்துத்தான் மனம் ஏற்கிறது என்ற முடிவுக்குப் பிறகுதான் வந்தார்.

இந்தச் சிகிச்சைமுறையின் முதல் நோயாளி என்று சொல்லப்படும் பெண்ணின் கதையும் அதைத்தான் காட்டுகிறது. வியன்னாவைச் சேர்ந்த பெர்த்தா பாப்பன்ஹைம், 1880இல் நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யும்போதே நோய்வாய்ப்பட்டார். தாய்மொழியான ஜெர்மனை மறந்து ஆங்கிலம் மட்டும் பேசினார். மருத்துவர் யோசஃப் புராயரிடம் பேசிப் பேசி அறிகுறிகள் சில குறைந்தன. பேச்சே மருந்து என்ற பெயரை வைத்தவரும் பெர்த்தாதான். ஆனால் 1882இல் புராயரின் சிகிச்சை முடிந்ததும் அவர் மனநல விடுதியில் தங்கவேண்டி வந்தது. பின்னாளில் பெண்களுக்காக உழைத்த பெரிய சமூகப் பணியாளராக அவர் எழுந்து நின்றது வேறு பாதையில்.

மொழியைச் சொன்னதால் ஒன்று. அப்பாவோடு நடந்த சண்டை உங்கள் ஊர்க் கடற்கரைப் பேச்சில் நடந்தது. மனத்தில் தோன்றுவதைத் தணிக்கை இல்லாமல் சொல்வதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. அதை வகுப்பறை ஆங்கிலத்தில் சொல்லும்போது, சொல்வதற்கு முன்பே வாக்கியம் திருத்தப்பட்டுவிடுகிறது. “அங்கே நான் அழுததே இல்லை, உங்களுக்கு எழுதும்போது அழுகிறேன்” என்ற வரிக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் உளப்பகுப்பாய்வு புதிதல்ல. கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே கொல்கத்தாவில் இதற்கான சங்கத்தைத் தொடங்கி ஃப்ராய்டோடு கடிதத்தில் விவாதித்தார். ஆனாலும் நூறு ஆண்டு கடந்தும் இது பெருநகரங்களில், பெரும்பாலும் ஆங்கிலம் புழங்கும் வீடுகளில் நின்றுவிட்டது. நம் கடற்கரைப் பெண்ணுக்கு அவள் பேச்சிலேயே கிடைக்காமல் போனது எனக்குப் பெரிய மனக்குறை.

உங்கள் மறுப்பெல்லாம் ‘எதிர்ப்பு’ அல்ல

உளப்பகுப்பாய்வின் மிகப் பெரிய பலவீனம் இங்கே இருக்கிறது. சிகிச்சையாளர் ஒரு விளக்கம் சொல்கிறார். நீங்கள் ஒப்புக்கொண்டால் விளக்கம் சரி. மறுத்தால் மனம் எதிர்க்கிறது, ஆகவே அப்போதும் விளக்கம் சரி. எப்படிப் போட்டாலும் தோற்காத கருத்தை அறிவியல் என்று சொல்ல முடியாது என்று தத்துவஞானி கார்ல் பாப்பர் குறை சொன்னது இதைத்தான். மனம் வலிக்கும் இடத்தைத் தவிர்க்கும் என்பது உண்மை. ஆனால் மாதம் 18,000 ரூபாய், உங்கள் சம்பளத்தையும் தாண்டிய தொகை, கட்டுப்படியாகவில்லை என்பது கணக்கு. சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. அதை ஆழ்மனத்தின் தந்திரம் என்று சொன்னது நியாயமில்லை.

“உங்கள் துக்கம் உண்மையில் அப்பாமேல் உள்ள வெறுப்பு” என்று அவர் உறுதியாகச் சொன்னதையும் அப்படியே விழுங்கவேண்டாம். மனச்சோர்வு என்பது தன்மேல் திரும்பிய கோபம் என்பது ஃப்ராய்ட் 1917இல் வெளியிட்ட கருத்து. ஆரன் பெக் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் அதை மெய்ப்பிக்கவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அவற்றில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியும்தான் மிகுந்திருந்தன. அங்கிருந்துதான் அவர் விலகி, 1960களில், நோயாளியின் தவறான எண்ணங்களைக் கண்டு திருத்தும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கினார். அப்பாமேல் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லாம் பாலுணர்ச்சி என்று யாரோ சொல்லி உங்களை அருவருப்படையச் செய்ததையும் விட்டுத்தள்ளுங்கள். இன்றைய சிகிச்சையாளர்கள் பெரும்பாலோர் அங்கே தொடங்குவதில்லை.

உங்கள் துக்கத்தின் ஒரு பகுதி நோயே அல்ல. கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது உங்களுக்குப் போக இடமில்லை. அம்மா கடற்கரை மணலில் ஏற்றுகிறார். நீங்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறீர்கள். உடல் கிடைக்காத இழப்பில் மனம் முடிவு கட்ட மறுப்பது இயல்பு. இதை ஒரு தனி வகை இழப்பாகவே பார்க்க வேண்டும் என்று பாலின் பாஸ் என்ற குடும்ப ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். அதற்கு உள்ளே ஒளிந்திருக்கும் ஒரே காரணத்தைத் தேடுவதைவிட, அதே இழப்பைச் சுமக்கும் மற்றவர்களோடு சேர்ந்திருப்பது உதவும். உங்கள் கரையில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை அம்மாவோடு போக முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அதற்கும் ஒரு குற்றவுணர்வு வேண்டாம்.

விலகும் உரிமை, ரகசியம், தகுதி

எந்தப் பேச்சுச் சிகிச்சையிலிருந்தும் எந்த நாளும் விலக உங்களுக்கு உரிமை உண்டு. இந்தியாவில் உளப்பகுப்பாய்வாளர் என்று போட்டுக்கொள்வதற்குத் தனி அரசு உரிமம் கிடையாது. ஆகவே கேளுங்கள்: மனநல மருத்துவரா? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன? உளப்பகுப்பாய்வுப் பயிற்சி எங்கே பெற்றார்? முறையான பயிற்சியில் அவரும் ஒருவரிடம் பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்க வேண்டும், மூத்தவர் மேற்பார்வையில் பணிசெய்திருக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிறவரிடம் உங்கள் மனத்தை ஒப்படைக்க வேண்டாம்.

பள்ளி பற்றிய பயத்துக்கு: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவரோ சிகிச்சையாளரோ பள்ளி நிர்வாகத்திடம் எதையும் சொல்லக்கூடாது.

இனி என்ன செய்யலாம்

முதலில் மருத்துவர், மருந்து, தூக்கம். செலவு நெருக்கினால் ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது; மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாள் வருகிறது என்று அங்கேயே விசாரிக்கலாம். சாவு பற்றிய அந்த எண்ணங்கள் அடங்கும்வரை வாரம் மூன்று நாள் ஆழத்தைக் கிளறுவதை நிறுத்திவையுங்கள். உங்களைத் தாங்கிப் பிடிக்கும் பேச்சு தொடரட்டும்.

இப்போதைய சிகிச்சையாளரிடம் சொல்லாமல் மறைந்துவிட வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். போனை எடுக்காமல் முடித்துக்கொள்வது உங்களுக்கு ஏற்கெனவே போதுமான துன்பம் தந்திருக்கிறது. ஓர் அமர்வை இதற்கென்றே வைத்து மூன்றையும் சொல்லுங்கள்: “நீங்கள் சொல்லாமல் போனபோது எனக்குக் கோபம் வந்தது, மருந்தை நிறுத்தச் சொன்னது எனக்குக் கேடாயிற்று, செத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது.” அவர் நிதானமாகக் கேட்டு, உங்கள் மருத்துவரோடு பேசவும், வாரம் ஒரு முறையாகக் குறைக்கவும், கட்டணத்தைத் தளர்த்தவும் முன்வந்தால் தொடர்வதை யோசிக்கலாம். மறுபடியும் ‘எதிர்ப்பு’ என்றால் நன்றி சொல்லி விடைபெறுங்கள்.

அப்படி விடைபெற்றால் வழி அடைபட்டுவிடாது. உளப்பகுப்பாய்வின் கருத்துகளிலிருந்தே உருவான, வாரம் ஒரு முறை, சில மாதங்களில் முடியும் உளஇயக்கச் சிகிச்சை இருக்கிறது. நீடித்த துக்கத்துக்கென்றே வடிவமைத்த 16 அமர்வுச் சிகிச்சையும் உண்டு. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ, தமிழிலோ உங்கள் பகுதி மலையாளம் கலந்த தமிழிலோ பேசக்கூடிய மருத்துவ உளவியலாளரை உங்கள் மருத்துவரே பரிந்துரைக்க முடியும். கேட்கும்போது, துக்கச் சிகிச்சையில் பழக்கமுள்ளவரா என்று சேர்த்துக் கேளுங்கள். கணவருக்கு இந்தக் கடிதத்தின் நகலை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்புங்கள். கப்பலேறும் முன் வரும் சண்டைகள் ஏன் வருகின்றன என்று அவருக்கும் தெரியட்டும்.